சண்டை போட வாசல் கேட்டவர்

உங்கள் கம்பெனிக்கு வாசல் கிடையாது. கிடையாது என்று தெரிந்துதான் எங்களுக்குப் பச்சை டீ-சர்ட் மாட்டி விழுப்புரம் கடைத்தெருவில் இறக்கிவிட்டீர்கள். ஏரியா மேனேஜர் அவர்களே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தம் தெரிவிக்கிறோம் என்று வழக்கமாக வரும் குறுஞ்செய்தியை நீங்கள் பிறகு அனுப்பிக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டி ஸ்டாண்ட் வைத்திருந்த ஒரு மனிதருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தவரைக் குழப்பிவிட்டது நான். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. யாராவது பெயர் கேட்டால் அவர் சொல்லவும் மாட்டார். "பேர வச்சிக்கினு இன்னா பண்ணப் போற. ஊடு எங்கன்னு கேளு" என்பார்.

அப்போது நான் திண்டிவனத்திலிருந்து தினமும் காலை ரயிலில் விழுப்புரம் வருவேன். ஊர் சுற்றுகிற வேலை என்பதால் என் பழைய ஸ்கூட்டியை இரவில் அவருடைய ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறுவேன். தகரக் கொட்டகை. நடுவில் ஒரு இரும்பு நாற்காலி. அதில் மீசைக்கு மட்டும் டை அடித்து, தலையை அப்படியே விட்டுவிட்ட ஒரு ஆள். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். காதில் பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி அப்போதெல்லாம் நான் பார்த்தது கிடையாது.

எந்த ஸ்டாண்டுக்குப் போனாலும் சுவரில் ஒரே வாசகம்தான் இருக்கும். காணாமல் போகும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இவருடைய சுவரில் சிவப்பு பெயின்டில் வேறு எழுதியிருந்தது. "வண்டி, ஹெல்மெட், மூட்டை எது காணவில்லை என்றாலும் சண்டைக்கு வர வேண்டிய இடம்" என்று போட்டு, கீழே அவர் வீட்டுக்கு வழி. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம், கதவு என்ன நிறம் என்பது வரைக்கும். நீலக் கதவு. முதல் நாள் அதைப் படித்துவிட்டு, ஆள் கொஞ்சம் கழன்றவர் என்று முடிவு செய்தேன்.

சண்டைக்கு ஆட்கள் போகவும் செய்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி ஹெல்மெட் காணோம் என்று அந்த நீலக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறாள். அவர் மனைவி பாவப்பட்டு காபி கொண்டுவந்திருக்கிறார். இவர் தம்ளரைத் தடுத்துவிட்டார். "மொதல்ல சண்டைய முடிச்சிட்டு குடிம்மா. காபி உள்ள போச்சுன்னா அப்புறம் சண்ட வராது." அவள் திட்டித் தீர்த்தாள். இவர் புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். பழைய ஹெல்மெட் அவளுடைய தோழி வீட்டில் இருந்ததாம். மறு வாரம் புதியதைத் திருப்பிக் கொண்டுவந்து அழுதிருக்கிறாள். இதை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார், தலையில் அடித்துக்கொண்டே.

தன் வாசலைக் காட்டுகிற மாதிரியே அடுத்தவர் வாசலையும் கேட்பார். மிக்சி வாங்கப் போன கடையில் விலையைக் கேட்கவில்லை. முதலாளியின் வீடு எங்கே என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். வாசலில் ஒருவர் நின்று வீட்டை மேலும் கீழும் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர் மனைவி, வரி ஆபீஸ் ஆள் என்று பயந்து கணவருக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் இவர் போய் மிக்சியை எடுத்து வந்தார். அது கெட்டே போகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூடத் தோன்றும்.

மகள் கல்யாணத்திலும் இதே கதைதான். மாப்பிள்ளை ஓசூரில் வேலை. சம்பளம் எவ்வளவு, நிலம் உண்டா எதையும் கேட்கவில்லை. தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் கேட்டாராம்: "நாளைக்கு எம் பொண்ணு அழுதுகினு போன் பண்ணா, ஒங்க ஊட்ல நான் யாருகிட்ட வந்து சண்ட போடணும்? அந்த ஆள இப்பவே காட்டிடுங்க." மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்துவிட்டது. கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், கணவரை இழந்தவர், மூலையிலிருந்து எழுந்து, "எங்கிட்ட வாங்கண்ணா, நான் பதில் சொல்றேன்" என்றார். கல்யாணம் முடிவானது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அத்தைக்கு மட்டும் தனியாக ஒரு மூட்டை வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஓசூர் போகும். ஒரு தடவைகூடச் சண்டைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

ஏன் இந்தக் கேள்வி மட்டும் இந்த மனிதருக்கு என்று எனக்கு ஆர்வம் வந்தது. அவரிடமே கேட்டேன். வருடங்களுக்கு முன்னால் ஒரு நிதி கம்பெனியில் பணம் போட்டாராம். ஒரு நாள் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது.

"காசு போனது போச்சும்மா. ஷட்டருகிட்ட கத்திட்டு வந்தேன். அரை மணி நேரம். எதிர்ல பூக்கடைக்காரம்மா பாத்துக்கினு இருக்குது. அந்த அசிங்கம் இருக்குதே."

இதை அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் சும்மா. எங்க கல்யாணத்துலயே எங்கண்ணனத் தனியா கூப்ட்டு, ஒன் தங்கச்சி என்னை அடிச்சான்னா யாருகிட்ட வர்றதுன்னு கேட்ட ஆளு அது" என்றார். எது காரணம், எது பிறகு சேர்த்துக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, போனிலேயே காசு கொடுக்கல் வாங்கல் நடக்கும் என்ற உங்கள் ஆப்புக்கு வருகிறேன்.

நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சேர்ந்த உடனே நூறு ரூபாய் விழும். ஐந்நூறு போட்டு வைத்தால் இன்னும் எழுபத்தைந்து. ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஐம்பது. ஒரு நாளைக்கு நான் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாலையில் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்கு எதிரே சிவப்புக் கட்டம்.

அவரைப் பிடித்தால் ஸ்டாண்டுக்கு வருகிற நூறு பேரைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்கேன் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

"ண்ணா, சேந்தா நூறு ரூபா ஒங்களுக்கு."

"எதுக்குக் குடுக்கறான்?"

"நீங்க சேர்றதுக்கு."

"நல்ல பொருளா இருந்தா நானே சேருவேன். என்னைய சேக்க அவன் ஏன் காசு குடுக்கறான்? சேர வாணாம்னு நெனைக்கிறவனுக்குதான காசு குடுத்துக் கூப்புடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கத்தான் சொல்லியிருந்தீர்கள். அவர் என் போனை வாங்கி அந்த நூறு ரூபாயைத் தின்றே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். எதிர்க்கடையில் ரெண்டு டீ சொல்லி, என் கணக்கில் விழுந்திருந்த பரிசுப் பணத்தில் கொடுக்கச் சொன்னார். போகவில்லை. இருநூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அதில் நான்கு ரூபாய் கழியும் என்று ஆப் சொன்னது. டீக்கு அவரே சில்லறை கொடுத்தார்.

"இது காசு இல்லமா. காசு மாதிரி ஒரு படம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்ன பூச்சி இது என்று கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. "சரி. என் காசு உள்ள மாட்டிக்கிச்சின்னா, சண்ட போட நான் யாருகிட்ட வரணும்?"

"ஆப்லயே ஹெல்ப் இருக்குண்ணா."

"அது எங்க குடியிருக்குது?"

கஸ்டமர் கேர் நம்பரைக் கொடுத்தேன். அங்கேயே போட்டார். ஒரு குரல் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பாட்டு வந்தது. பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வாணாம்மா. ஆள் இல்ல."

அத்தோடு நான் திரும்பியிருக்க வேண்டும். மணி நான்கு. அன்றைக்கு மூன்று பேர்தான் சேர்ந்திருந்தார்கள். சிவப்புக் கட்டம் கண்ணுக்குள் வந்தது. "எங்கிட்ட வாங்கண்ணா" என்றேன். "திண்டிவனத்துலதான் ஊடு. எதுன்னாலும் நான் பதில் சொல்றேன்."

ஓசூர் அத்தை சொன்ன அதே சொற்கள். கல்யாணக் கதையை அவர் மனைவி எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர் எதற்கு மடங்குவார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெருவு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அம்மாதான் கதவைத் திறந்தார். யார் வேண்டும் என்று கேட்டதற்கு, "யாரும் வாணாம்மா, ஊடு இருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றார். கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தண்ணீர் கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். யாருடி அந்த ஆள், பெண் பார்க்க வந்தவரா என்று அம்மா என்னை ஒரு வாரம் குடைந்தார்.

திங்கட்கிழமை அட்டையை ஸ்டாண்டில் ஒட்டினேன். வருகிற போகிற எல்லோரிடமும் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தப் பொண்ணு ஊட்ட நான் பாத்துட்டேன்." நூறு ரூபாய்க்காக மட்டும் யாரும் சேரவில்லை. இந்த வார்த்தைக்குச் சேர்ந்தார்கள். அந்த மாதம் உங்கள் குழுவில் என் பெயருக்கு எதிரே நட்சத்திரம் போட்டீர்கள். இரண்டாம் பரிசு ஒரு இட்லி குக்கர்.

ஐந்தாம் மாதம் பணம் நின்றது. ஆப் வழியாக ஸ்டாண்டுக்கு விழுந்த வாடகை அவர் வங்கிக்குப் போகவில்லை. ஐந்நூறு போட்டு வைத்தவர்களுக்கு எடுக்க வரவில்லை. எல்லோருடைய போனிலும் ஒரே வாசகம். தங்கள் கணக்கு மறுஆய்வில் உள்ளது. உங்களுக்குப் போன் செய்தேன். முதல் நாள் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றீர்கள். இரண்டாம் நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வாட்ஸ்அப் குழுவே இல்லை.

நான் வேலைக்குப் போகவில்லை. திண்டிவனத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். கேஸ்காரர் கதவைத் தட்டினாலும் அவர்தான் வந்துவிட்டார் என்று நினைப்பேன். என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆனது. அவர் வரவில்லை. வந்து கத்தியிருந்தால் தேவலை. பத்தாம் நாள் என்னாலேயே தாங்க முடியாமல் ரயில் ஏறினேன்.

ஸ்டாண்டில் செல்வி அக்கா நின்றிருந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. தினமும் இந்த ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போகிறவர். நான் கொட்டகைத் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

"ஏய்யா, நீதான சொன்ன, ஊட்ட பாத்துட்டேன்னு? அந்த ஊடு வந்து எங்காசக் குடுக்குமா?"

"குடுக்காது."

"பின்ன இன்னாத்துக்கு பாத்த? ரயில் டிக்கெட்டு வாங்கிக்கினு போயி பாத்தியாம். கதவு நல்லா இருந்துச்சா?"

"தப்புதான் செல்வி. நீ வண்டிய வுடு. ஒன் ஐந்நூறு கழியற வரிக்கும் டோக்கனுக்குக் காசு வாணாம்."

அக்கா டோக்கனை அவர் மடியில் விட்டெறிந்தார். "ஓசில வுட நான் வரல. நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. யாருகிட்ட போறது?"

வாழ்நாள் முழுவதும் ஊரை அவர் கேட்ட கேள்வி. இப்போது அது அவருக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தது. அவர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா போன பிறகு முன்னால் போய் நின்றேன். "ஏண்ணா எங்க ஊட்டுக்கு வரல?" என்றுதான் என் வாயில் வந்தது.

"வந்தா ஒங்கம்மாதான் கதவத் தொறப்பாங்க. கம்பெனியா தொறக்கும்?" என்றார். "நான் பாத்த வாசல் தப்பு. நீ கம்பெனியோட வாசல் கெடயாது. நீயும் எங்கள மாதிரி தெருவுல நின்ன ஆளு. அத எனக்குப் பாக்கத் தெரியல."

என்னைத் திட்டவில்லை. அதனால் நான் நல்லவள் ஆகிவிடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆப்பில் சின்ன எழுத்தில் ஒரு சென்னை விலாசம் இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் போனோம். மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நீள நீளமாக மேஜைகள். யார் யாரோ காதில் வயர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள்.

"இது வாடகைக்கு டேபிள் விடற இடம் சார். நெறைய கம்பெனி இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்காங்க. அவங்க வந்து ரொம்ப நாளாச்சு."

"அவங்க டேபிளு எதும்மா?"

காட்டினாள். காலி மேஜை. சார்ஜர் சொருக ஒரு ஓட்டை. நிதி கம்பெனி ஷட்டரிடம் கத்தியதைப் போல இங்கேயும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த மேஜையைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில்கூடப் பார்த்தார்.

"ஷட்டரே பரவால்ல" என்றார் கடைசியில். "சாத்தியிருந்தா சாத்திட்டான்னு தெரியும். இது தொறந்தே கெடக்குதே."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அவர் எழுதி அன்றுதான் பார்த்தேன். ஒரு தாளில் தன் வீட்டுக்கு வழி எழுதினார். தெரு, தண்ணீர்த் தொட்டி, நீலக் கதவு. கீழே ஒரு வரி: காசு எடுத்துக்கொண்டு வர வேண்டாம், ஆள் வந்தால் போதும். மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு தகர டோக்கனை மேலே வைத்தார். அந்தப் பெண், "கிளீன் பண்றப்ப எடுத்துடுவாங்க சார்" என்றாள். "எடுக்கட்டும். எடுக்கற ஆளாவது படிக்கட்டும்" என்றார்.

யாரும் வரவில்லை. அவர் சுவரில் இன்னொரு வரி சேர்த்தார். "ஆப்பில் மாட்டிய காசுக்கும் இதே வாசல்." உங்கள் கடனுக்கு அவர் வாசலைக் கொடுத்தார், மேனேஜர் அவர்களே. ஜனங்கள் போய்த் திட்டினார்கள். அவர் கேட்டுக்கொண்டார். சண்டை முடிந்த பிறகு காபி கொடுத்தார்.

அடுத்த வருடம் ஸ்டாண்ட் குத்தகை வேறு ஆளுக்குப் போனது. சுவருக்கு வெள்ளையடித்து, நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதிவிட்டார்கள். அவரும் மனைவியும் ஓசூருக்கு மகளிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நீலக் கதவில் இப்போது வேறு குடித்தனம். விசாரிக்கப் போனேன். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்ததும், "நீயும் சண்டைக்கா? மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்கம்மா, பேஜாரா இருக்குது" என்றார். வருகிறவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "இன்னா சொல்றது? நின்னு கேட்டுக்கறேன்" என்றார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் விழுப்புரத்தில் ரயில் இறங்கினேன். அதே ஸ்டாண்ட் சுவரில் ஒரு பேனர். டீ-சர்ட் இப்போது ஆரஞ்சு. ஆப்புக்கு வேறு பெயர். சேர்ந்தால் நூறு ரூபாய் என்பது மாறவில்லை. குடைக்குக் கீழே ஐந்தாறு பெண்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது நீங்கள். என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் வந்து கேட்டேன்: காசு மாட்டிக்கொண்டால் சண்டை போட யாரிடம் வர வேண்டும்? நீங்கள் சிரித்தீர்கள். "ஆப்லயே ஹெல்ப் இருக்கு மேடம்."

அந்தப் பெண்களில் ஒருத்தி உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவள் மாலை நான்கு மணிக்கு யாரிடமோ, எங்கிட்ட வாங்க என்று சொல்லப்போகிறாள். அவளுக்கும் ஒரு அம்மா கதவைத் திறக்க இருப்பார்.

அதனால் கேட்கிறேன். என் போனுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். ஆப்பில் எழுத வேண்டாம். அந்தச் சுவரில், பரிசுப் பணம் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டீர்களோ அதே அளவில் எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன நிறக் கதவு, தட்டினால் திறக்கப்போகிற ஆள் யார். செல்வி அக்கா இன்னும் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் முண்டியம்பாக்கம் போகிறார். அவர் படிக்கிற மாதிரி, தமிழில் எழுதுங்கள்.